பழைய கெப் வண்டியின் நோய் நாடும் முறை

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கினை விதித்துள்ளார். நோய் இன்னதென்பதை முதலிலும், அதன் காரணத்தை இரண்டாவதாகவும், அதைத் தணிக்கும் வழியை மூன்றாவதாகவும் ஆராய்ந்து, அதன் பின்னரே மருத்துவம் செய்யத் தொடங்குதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இவ்வொழுங்கு மானிட உடம்புக்கு மட்டும் உரியதெனக் கொள்ளுதல் பொருந்தாது. காரணத்தால் காரியம் விளையும் இடமெங்கும் அது செல்லும். பழைய கெப் வண்டியொன்றின் எஞ்சின் நடுக்கத்தையும், அதன் சஸ்பென்ஷன் என்னும் தாங்கமைப்பின் குறைகளையும் எடுத்துக்கொண்டு, அவ்வொழுங்கு எவ்வாறு பயன்படும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஊவா மாகாணத்தில் இவ்வாராய்ச்சிக்குத் தனித்த தேவை உண்டு. பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளை செல்லும் ஏ 5 பெருந்தெருவும், பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக இறங்கி வரும் ஏ 16 தெருவும் ஹாலிஎலயிலே கூடுகின்றன. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலும், பதுளை ஏறக்குறைய 700 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவற்றினிடையே செல்லும் வண்டி சில மணி நேரத்துள் அரைக் கிலோமீற்றர் உயரத்தை இறங்கியும் ஏறியும் வருகின்றது. பெருந்தெருவை விட்டுத் தோட்டங்களுக்குள் திரும்பினால் கல்லும் குழியுமான வழிகளே மிகுதி. கொழுந்துச் சாக்குகள், மரக்கறிக் கூடைகள், உரமூட்டைகள், சில வேளைகளில் நோயாளர் ஆகிய எல்லாவற்றையும் சுமப்பவை டொயோட்டா ஹைலக்ஸ், நிசான், மிட்சுபிஷி, இசுசு முதலான பழைய கெப் வண்டிகளே. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியின் விலையும் உதிரிப் பாகங்களின் விலையும் பெரிதும் ஏறின. எனவே தேவையற்ற ஓர் உறுப்பை மாற்றும் செலவு, அவ்வண்டியை நம்பி வாழும் குடும்பத்தின் ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடக் கூடும்.

நடுக்கம் எங்கிருந்து பிறக்கின்றது?

"வண்டி நடுங்குகின்றது" என்பதே சாரதி கராஜுக்குக் கொண்டுவரும் முதற் சொல். இச்சொல் அறிகுறியைக் கூறுகின்றதேயன்றி நோயைக் கூறவில்லை. நடுக்கம் எஞ்சினிலிருந்தும் வரலாம். சக்கரம், வில், அச்சு ஆகியவற்றிலிருந்தும் வரலாம். சுக்கானைப் பிடித்திருக்கும் கை இவ்விரண்டையும் எப்போதும் வேறுபடுத்தி அறியும் என்று சொல்வதற்கில்லை. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

நான்கு உருளைகளையுடைய எஞ்சின் நிமிடத்துக்கு 720 சுற்று ஓடுகின்றது எனக் கொள்வோம். அது விநாடிக்கு 12 சுற்றாகும். நான்கடி எஞ்சினில் ஒவ்வோர் உருளையும் இரு சுற்றுக்கு ஒரு முறையே எரியும். ஆகவே ஓர் உருளை விநாடிக்கு 6 முறையும், நான்கும் சேர்ந்து 24 முறையும் எரிகின்றன. நான்கும் ஒத்து எரியும்போது அந்த 24 துடிப்புகளும் நெருங்கி அமைவதால் எஞ்சின் அமைதியாக ஓடும். ஓர் உருளை சோர்ந்தாலோ விநாடிக்கு 6 முறை ஓர் இடறல் தோன்றும். இனி, 2.1 மீற்றர் சுற்றளவுள்ள சக்கரம் மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 6 முறை சுழலும். அது வட்டம் கோணியிருப்பின் அதுவும் விநாடிக்கு 6 முறையே உதைக்கும். இரு வேறு நோய்கள் ஒரே மீடிறனில் கையை அடைய முடியும் என்பது இதனால் தெளிவாகும்.

ஆதலின் மூன்று கேள்விகளால் நடுக்கத்தைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது: வண்டி நிற்கையில் நடுக்கம் உண்டா? உண்டாயின் எஞ்சினையோ அதன் தாங்கிகளையோ நோக்க வேண்டும். இரண்டாவது: நின்ற நிலையில் எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது அது மாறுகின்றதா? மூன்றாவது: ஓடும்போது அது எதனைத் தொடர்கின்றது? மூன்றாம் கேள்விக்கு நல்லதொரு சோதனை உண்டு. நெரிசலற்ற சமதளத் தெருவில், ஒரே வேகத்தில், முதலில் மூன்றாம் கியரிலும் பின்னர் நான்காம் கியரிலும் வண்டியைச் செலுத்துக. வண்டியின் வேகம் மாறாதிருக்க எஞ்சினின் வேகம் மட்டும் மாறும். அப்போது நடுக்கமும் மாறுமாயின் அது எஞ்சினைச் சார்ந்தது. மாறாதிருக்குமாயின் சக்கரத்தையும் தாங்கமைப்பையும் சார்ந்தது. இதனை அறிவதற்காக இறக்கத்திலே கியரை விடுவித்து வண்டியை உருளவிடுவது உயிருக்கு ஊறு விளைக்கும் செயலாகும்.

நிலையோட்டத்தின் குறைகள்

வண்டி நிற்கையில், முடுக்கு மிதியை மிதியாதபோது, எஞ்சின் தானே மெதுவாக ஓடுவதை நிலையோட்டம் எனலாம். கராஜில் இதனை ஐடில் என்பர். எஞ்சின் தன்னைத் தானே சுழற்றுவதற்கு வேண்டிய மிகச் சிறிய ஆற்றலையே அப்போது பிறப்பிக்கின்றது. பெருவேகத்தில் மறைந்து கிடக்கும் சிறு குறையும் இந்நிலையிலே வெளிப்பட்டுவிடும். வளம் குன்றிய காலத்திலே குடும்பத்தின் குறைகள் தெரிவது போன்றதே இதுவும்.

நம் பகுதியின் பழைய கெப் வண்டிகளுட் பெரும்பாலானவை டீசல் எஞ்சின் உடையவை. 1897இல் ருடோல்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய தத்துவமே இன்றும் அவற்றில் உள்ளது. காற்றை மட்டும் உருளைக்குள் இழுத்து, இருபது மடங்குக்கு மேல் நெருக்கினால் அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். அதனுள் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தீப்பொறியின் உதவியின்றியே பற்றிக்கொள்ளும். எனவே சீரான ஓட்டத்துக்கு வேண்டியவை மூன்று: காற்றுக் கலவாத தூய எரிபொருள், தடையின்றி வரும் காற்று, குறையாத அமுக்கம். ஆராய்ச்சியும் இவ்வரிசையிலேயே செல்லுதல் நன்று. எளிதிற் சோதிக்கத்தக்கதும் செலவு குறைந்ததும் முதலிலே நிற்க வேண்டும்.

எஞ்சினின் வேகம் ஏறியும் இறங்கியும் அலைவது முதல் வகைக் குறை. டீசல் பம்பினுள் வேகத்தைக் காக்கும் கவர்னர் என்னும் ஆட்சிப்பொறி உண்டு. எரிபொருளோடு காற்றுக் குமிழி வந்தால் எஞ்சின் தளர்கின்றது. ஆட்சிப்பொறி டீசலைக் கூட்டுகின்றது. குமிழி கழிந்ததும் அந்த மிகுதியால் வேகம் ஏறுகின்றது. பின்னர் அது டீசலைக் குறைக்கின்றது. இவ்வாறு அலைவு தொடர்கின்றது. இங்கே மாணவர் கருத்திற் கொள்ளத்தக்க பௌதிக உண்மை ஒன்றுண்டு. தாங்கியிலிருந்து பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகின்றது. ஆகவே அங்கே அமுக்கம் வெளிக்காற்றினும் குறைவு. அக்குழாயில் வெடிப்பு இருப்பின் எஞ்சின் ஓடும்போது காற்று உள்ளே நுழையுமேயன்றி டீசல் வெளியே கசிவதில்லை. ஈரத்தைத் தேடும் கண்ணுக்கு இக்குறை புலப்படாது.

எமது பகுதியில் மரக்கறி ஏற்றும் பழைய கெப் வண்டியொன்றுக்கு இவ்வலைவு ஏற்பட்டது. பம்பைக் கழற்றிப் புதுக்க வேண்டும் என்று ஓரிடத்திலே கூறப்பட்டது. அதற்குரிய பணத்துக்காக உரிமையாளர் வீட்டு நகையை அடகு வைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். முதிர்ந்த தொழிலாளி ஒருவர், வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டொன்றைப் பொருத்தி எஞ்சினை ஓட்டினார். குழாயினுள் குமிழிகள் வரிசையாகச் செல்வதை அனைவரும் கண்டனர். பின்னர் தூய டீசல் நிறைந்த கலனொன்றைப் பம்பின் மட்டத்துக்கு மேலே வைத்து, அதிலிருந்து நேரே பம்புக்கு இணைத்தபோது எஞ்சின் சீராக ஓடியது. பம்பில் நோய் இல்லையென்றும், தாங்கிக்கும் வடிகட்டிக்கும் இடையிலேதான் அது உள்ளதென்றும் அதனால் உறுதியாயிற்று. ஒரு முழத்துக்கும் குறைந்த றப்பர்க் குழாய் மாற்றப்பட்டது. வண்டி மறுநாட் காலை சந்தைக்குச் சென்றது.

எரிபொருளில் நீர் கலந்திருப்பதும் இத்தகைய குறையை உண்டாக்கும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திச் சிறிதளவு டீசலைக் கண்ணாடிக் குவளையில் வடித்தால் நீர் அடியிலே தங்குவதைக் காணலாம். கலன்களிலும் பீப்பாய்களிலும் சேமித்த டீசலை ஊற்றும் வண்டிகளுக்கு இச்சோதனை தவறாது செய்யப்படல் வேண்டும்.

இரண்டாம் வகைக் குறை ஒழுங்கான இடறல். மேலே கணக்கிட்ட விநாடிக்கு 6 முறை தோன்றும் துடிப்பு அதுவே. எந்த உருளை சோர்ந்துள்ளது என்பதை அறிய, நிலையோட்டத்தில் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் செல்லும் குழாயின் திருகுமூடியைச் சிறிது தளர்த்துவர். நல்ல உருளையைத் தளர்த்தினால் நடுக்கம் மிகும். சோர்ந்த உருளையைத் தளர்த்தினால் மாற்றம் எதுவும் தோன்றாது. இல்லாதவனிடத்தில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே இதன் தருக்கம். இச்சோதனையைப் பயின்ற தொழிலாளியே, கண்காப்பு அணிந்து, துணியால் மூடிச் செய்தல் வேண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும் வலியுடையது. மின்னாட்சியுடைய காமன் ரெயில் எஞ்சினில் அமுக்கம் பன்மடங்கு மிகுதியாதலின் அங்கே இதனை ஒருபோதும் செய்யலாகாது.

புகையின் நிறமும் ஒரு சான்று. குளிர்ந்த காலையில் தோன்றும் வெண்புகை எரியாத டீசலைக் குறிக்கும்; சூடேற்றும் செருகிகளையோ அமுக்கக் குறைவையோ ஐயுறலாம். கரும்புகை டீசலின் மிகுதியையோ காற்றின் குறைவையோ காட்டும். அப்போது காற்று வடிகட்டியை முதலிற் பார்க்க வேண்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். புகையுமின்றி, இடறலுமின்றி, ஓசையும் சீராக இருக்க, வண்டியின் உடல் மட்டும் நடுங்குமாயின் எஞ்சினைத் தாங்கும் றப்பர்த் தாங்கிகள் கிழிந்துள்ளனவா என்று நோக்குக. நலமுள்ள எஞ்சினும் கிழிந்த தாங்கியின்மேல் நோயுற்றது போலத் தோன்றும்.

பெற்றோல் எஞ்சினும் காபுரேற்றரும் உடைய பழைய வண்டிகளுக்கு உயரமும் ஒரு காரணமாகும். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலுள்ள ஹப்புத்தளையில் வளியமுக்கம் கடற்கரையிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலே கலவை திருத்தப்பட்ட காபுரேற்றர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். நிலையோட்டம் கனத்துத் தடுமாறும். மேலும், இவ்வண்டிகளில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் எஞ்சினின் உள்வழியிலிருந்தே பெறப்படுகின்றது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நிலையோட்டம் மாறுமாயின், அத்துணையமைப்பிலோ அதன் குழாயிலோ காற்றுப் புகுகின்றது என்று ஐயுறல் வேண்டும். அங்கே எஞ்சினின் நடுக்கம் பிரேக்கின் நோயை அறிவிக்கும் தூதாகின்றது.

காரணத்தை ஆராயாது, நிலையோட்டத் திருகை முடுக்கி வேகத்தை உயர்த்திவிடும் வழக்கம் பரவலாக உண்டு. நடுக்கம் மறையும், நோய் மறையாது. அன்றியும், இறக்கத்திலே தாழ்ந்த கியரில் வண்டியை அடக்கிப் பிடிப்பது எஞ்சினின் மெதுமையே. மிகை வேகத்தில் ஓடும் எஞ்சின் அப்பிடியைத் தளர்த்தி முழுப் பாரத்தையும் பிரேக்கின்மேற் போட்டுவிடும்.

தாங்கமைப்பின் குறைகள்

வில்லின் இயல்பை ஆராய்ந்து உரைத்தவர் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர். தம் கண்டுபிடிப்பை முதலில் எழுத்துகளைக் கலைத்து மறைபொருளாக வெளியிட்ட அவர், 1678இல் அதனை விளக்கினார். நீட்சியானது விசைக்கு நேர் விகிதமாகும் என்பது அவ்விதி. 250 கிலோகிராம் பாரத்துக்கு 5 சென்ரிமீற்றர் தாழும் வில், 500 கிலோகிராமுக்கு 10 சென்ரிமீற்றர் தாழும். வகுப்பறையில் நாம் கற்பிக்கும் இவ்விதி கெப் வண்டியின் பின்புறத்தில் நாள்தோறும் மெய்ப்பிக்கப்படுகின்றது.

தாங்கமைப்பில் இரு தொழில்கள் உண்டு. பாரத்தைத் தாங்குவது வில்லின் தொழில். வில்லின் அலைவைத் தணிப்பது ஷொக் அப்சோபரின் தொழில். ஒன்றின் குறைக்கு மற்றொன்றை மாற்றுவது பயனற்றது. வண்டி ஒருபுறம் சாய்ந்து நிற்குமாயின் வில்லை ஆராய்க. பாரமின்றிச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களின் காற்றைச் சரிபார்த்தபின், ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் அதன் மேலுள்ள மட்காட்டின் விளிம்பு வரை அளந்து, இடத்தையும் வலத்தையும் ஒப்பிட வேண்டும். வண்டி சாயாது நின்றும், குழியைக் கடந்தபின் பலமுறை ஆடுமாயின் ஷொக் அப்சோபரை ஆராய்க. அதன் உடலில் எண்ணெய் வழிந்துள்ளதா என்று பார்ப்பது ஒரு சோதனை. மற்றொரு சோதனை இன்னும் நயமானது: கரடான வழியில் சிறிது தூரம் ஓடியபின் நான்கையும் கையால் தொட்டுப் பார்த்தல். அசைவை வெப்பமாக மாற்றுவதே அக்கருவியின் வேலையாதலின், உழைத்தது சூடாக இருக்கும், உழையாதது குளிர்ந்திருக்கும். டயரில் அலையலையாகத் தேய்வு காணப்படுவதும் தணிப்புக் குறைவின் அடையாளமே.

இவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. வில் தகடுகளின் அடுக்கை நடு ஆணியொன்று ஊடுருவி நின்று, அச்சினை அதன் இடத்திலே நிறுத்துகின்றது. யூ-போல்ட்டுகள் அவ்வடுக்கை அச்சோடு இறுக்குகின்றன. யூ-போல்ட் தளர்ந்தால் முழு விசையும் நடு ஆணியில் விழும். அது அறுந்தால் அச்சு ஒருபுறம் முன்னோ பின்னோ நகரும். வண்டி நேரே செல்லாது நண்டு போலச் சற்றுக் கோணிச் செல்லும். பிரேக் பிடிக்கும்போது ஒருபுறம் இழுக்கும். பசறைத் தெருவின் வளைவொன்றிலோ தோட்டத்து இறக்கத்திலோ இது நிகழின் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. இதனை அறிவதற்கு அளவுநாடா ஒன்றே போதும். சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை இரு புறத்தும் அளந்திடுக. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். குறிப்பிடத்தக்க வேறுபாடு இருப்பின் வண்டியை ஏற்றத்துக்கோ இறக்கத்துக்கோ கொண்டுசெல்லாது பழுது பார்க்க வேண்டும்.

முன்சக்கரங்களைச் சோதிக்க ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் வண்டியை நிறுத்தி, ஏனைய சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின், சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்க வேண்டும். அப்போது தோன்றும் தளர்வு சக்கரத்தின் பெயரிங்கையோ அதனைத் தாங்கும் மூட்டையோ குறிக்கும். இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கும்போது மட்டும் தோன்றும் தளர்வு சுக்கானின் இணைப்புகளைக் குறிக்கும். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே எவரும் புகலாகாது.

வில் தாழ்ந்ததும் தகடு ஒன்றைக் கூட்டிவிடுவது நம் பகுதியில் எளிதான பரிகாரமாகக் கருதப்படுகின்றது. கூட்டிய தகடு பாரத்தைத் தாங்கும். எனினும் வில் கடினமாகிவிடும். வெறுமையாகத் திரும்பும்போது சக்கரம் தரையைப் பற்றாது துள்ளும். வில் ஏற்காத அதிர்ச்சியைச் சட்டகம் ஏற்று வெடிக்கும். வில் ஏன் தாழ்ந்தது என்று கேட்பதே முறை. தகடு உடைந்ததாலா, முதுமையாலா, அளவிறந்த பாரத்தாலா? மூன்றாவதாயின் மருந்து கராஜில் இல்லை. மெல்லிய மயிற்பீலியேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தது அரசனுக்கு மட்டுமன்றி மூட்டை ஏற்றுவோனுக்கும் பொருந்தும்.

முறையின் பயன்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் நான்கு விதிகள் கிடைக்கின்றன. அறிகுறியைக் காரணமெனக் கொள்ளாதே. குறையுள்ள பகுதியைச் சோதனையாற் பிரித்தறி. செலவு குறைந்ததை முதலிலே சோதி. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று. இவற்றுள் நான்காவது மிகவும் மறக்கப்படுவது. பம்பு, இன்ஜெக்டர், வடிகட்டி மூன்றையும் ஒருங்கே மாற்றினால் வண்டி நலமடையலாம். எதனால் நலமடைந்தது என்னும் அறிவு எவருக்கும் கிட்டாது. அடுத்த முறையும் மூன்றையும் மாற்றவே நேரும்.

இவ்விதிகள் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நம் மாணவர் பயிலும் விதிகளே. ஆயினும் ஆய்வுகூடத்துக்கும் கராஜுக்கும் இடையே ஒரு மதிலை நாம் எழுப்பி வைத்திருக்கின்றோம். ஹூக்கின் விதியைப் பிழையின்றி எழுதும் மாணவன் தன் தந்தையின் வண்டி ஏன் சாய்ந்து நிற்கின்றது என்று கேட்பதில்லை. வண்டியைத் தொட்டே நோயறியும் தொழிலாளியின் அறிவு ஏட்டில் ஏறுவதில்லை. உயர்நிலை வகுப்பு மாணவர் பழைய வண்டியொன்றின் முன்னே நின்று, அளந்து, குறித்து, கணக்கிட்டு, தொழிலாளியோடு உரையாடும் ஒரு பிற்பகல், பல பாடவேளைகளுக்கு ஈடாகும். கராஜில் பணிபுரியும் பழைய மாணவர்கள் இதற்கு முன்வந்து உதவுதல் கூடும். இரு சாராரும் ஒரே வண்டியின் இரு புறத்தும் நின்று ஆராய்வார்களாயின், நம் மலைத் தெருக்களில் ஓடும் பழைய வண்டிகளும், அவற்றில் ஏறிச் செல்லும் நம் மக்களும் நலமே சேர்வர்.